தானியேலின் இரண்டு சாட்சிகள்

நான் வேலை பார்த்த மிஷன் ஆஸ்பத்திரியில் ஆண்டு மலர் போடுகிறார்களாம். 'ஊழியத்தில் பொறுமை' என்று ஒரு கட்டுரை வேண்டும், ஓய்வு பெற்றவர்களில் யாராவது எழுதினால் நன்றாக இருக்கும் என்று இப்போதைய நர்சிங் சூப்பிரண்டு போனில் கேட்டாள். அவளும் என்னிடம் திட்டு வாங்கி வேலை கற்றவள்தான். நிஜமாகக் கேட்கிறாளா, கிண்டல் செய்கிறாளா என்று தெரியவில்லை. எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஊரப்பாக்கத்தில் மின்சார ரயில் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவளுக்கு வேறென்ன வேலை.

இப்போது காசநோய்க்காரர்கள் மாத்திரை விழுங்குவதைப் போனில் படம் பிடித்து அனுப்பினால் போதும் என்று அவள் சொன்னாள். நல்ல ஏற்பாடு. நாங்கள் பஸ் பிடித்துப் போய், எதிரில் நின்று, தண்ணீர் கொடுத்து, வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கைத் தூக்கிக் காட்டச் சொல்லிப் பார்த்தோம். மாத்திரை உள்ளே போனது போனிலும் தெரியும். ஒருவன் விழுங்க மாட்டேன் என்று ஏன் சொல்கிறான் என்பது தெரியுமா என்றுதான் எனக்குச் சந்தேகம். அப்படி மறுத்த ஒருவனைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. செங்கல்பட்டில் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி விடுதியில் தங்கி நர்சிங், விரிப்பில் ஒரு சுருக்கம் இருந்தாலும் மறுபடி விரிக்கச் சொல்லும் மேட்ரன். பிறகு ஆபரேஷன் வார்டில் பல வருடம். அங்கே ஊரில் பெரிய புள்ளி ஒருவர், வயிற்றில் தையல் போட்ட மறுநாளே பிரியாணி வரவழைத்துச் சாப்பிட்டார். நான் போட்ட சத்தத்தில் அடுத்த வார்டுக்காரர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். அதற்குப் பிறகுதான் என்னைக் காசநோய்ப் பிரிவுக்கு மாற்றினார்கள். தொண்ணூறுகளின் ஆரம்பம் அது. தண்டனை என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அந்தப் பிரிவுக்குத் தலைவர் லில்லி டாக்டர். என்னைவிட நாலைந்து வயது இளையவர். ஒல்லியான உருவம், தடித்த கண்ணாடி, குரல் உயர்த்தியே பழக்கமில்லாதவர். நோயாளியை மேஜைக்கு எதிரே உட்கார வைக்க மாட்டார். தன் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டு, இரண்டு பேரும் ஒரே ஜன்னலைப் பார்ப்பதுபோல உட்காருவார்கள். ஒரு கேள்வி கேட்பார். கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைக்க ஆரம்பித்துவிடுவார். பதில் வரும்வரை துடைப்பார். வெளியே வரிசை வாசலைத் தாண்டி நிற்கும். எனக்கு உள்ளுக்குள் கொதிக்கும்.

சளிப் பரிசோதனைக்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் வெயில் விழுகிற திறந்த இடம். நோயாளி முதலில் வாயைக் கொப்பளிக்க வேண்டும். மூச்சை நன்றாக இழுத்து விட்டு, அடி நெஞ்சிலிருந்து இருமி டப்பாவில் துப்ப வேண்டும். காற்று எங்கள் பக்கமிருந்து அவர் பக்கம் போகிற மாதிரி நாங்கள் நின்றுகொள்வோம். பாதிப் பேர் வெறும் எச்சிலைத் துப்பி, மூடியைப் போட்டு நீட்டிவிடுவார்கள். எச்சிலில் கிருமி அகப்படாது. ஒன்றுமில்லை என்று ரிசல்ட் வரும், ஆள் நிம்மதியாக வீட்டுக்குப் போய்க் குடும்பத்துக்கே நோயைக் கொடுப்பார். ஆகவே டப்பாவைத் திறந்து பார்த்து, எச்சில் என்றால் திரும்பவும் முதலிலிருந்து. "இருமுங்க, நல்லா இருமுங்க" என்று நான் விரட்டுவேன். விரட்டினால் எச்சில்தான் வரும். லில்லி டாக்டர் பக்கத்தில் போய் நின்று கண்ணாடியைத் துடைப்பார். கொஞ்ச நேரத்தில் சளி வந்துவிடும். அது எப்படி என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இன்னொன்று, எங்கள் பிரிவில் "எப்படி இருக்கீங்க?" என்று யாரும் கேட்கக் கூடாது. இது அவர் போட்ட சட்டம். எங்களிடம் வருகிறவர்களில் கிறிஸ்தவர்கள் நிறைய. எப்படி இருக்கீங்க என்று கேட்டால், நெஞ்சு பிளந்துகொண்டிருந்தாலும் "ஸ்தோத்திரம், நல்லா இருக்கேன்" என்றுதான் சொல்வார்கள். அப்படித்தான் வளர்ந்திருக்கிறோம். எங்கள் சபையைச் சேர்ந்த ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் ஒவ்வொரு தடவையும் என்னிடம் "ஸ்தோத்திரம்" என்று சிரித்துவிட்டுப் போனார். லில்லி டாக்டர் அவரிடம், "ஜாக்கெட்டைக் கடைசியா எப்போ புடிச்சுத் தைச்சீங்க?" என்று கேட்டார். போன மாதம் என்றார் ஆசிரியை. அதற்கு முந்தின மாதமும் பிடித்தாராம், உடம்பு அவ்வளவு இளைத்திருந்தது. அன்றைக்கே எக்ஸ்ரே எடுத்தோம். நெஞ்சில் ஒரு பக்கம் வெள்ளையாக இருந்தது.

"ஸ்தோத்திரம்னு சொல்றது பொய் இல்ல. அது நம்ம கேள்விக்குப் பதில் இல்ல, அவ்வளவுதான். நாம கேள்விய மாத்திக்குவோம்" என்றார் டாக்டர்.

காலையில் கதவைத் திறக்கும் முன் ஜெபம் உண்டு. முறை வைத்து ஒவ்வொருவராகச் செய்வோம். மருந்து கொடுக்கும் அண்ணன் முறை வந்தால் உலகத்து நாடுகளையெல்லாம் ஒரு சுற்று சுற்றி வர வேண்டும். வெளியே நிற்கிறவர்கள் இருமலோடு ஆமென் சொல்வார்கள். லில்லி டாக்டரின் ஜெபம் எப்போதும் ஒன்றுதான். "ஆண்டவரே, வெளியில நிக்கிறவங்க எல்லாரும் உம்முடையவங்க. எங்களுடையவங்கன்னு நாங்க நெனச்சுக்காம பாத்துக்கொள்ளும்." வேலைக்கு நேரமாகிறது என்று சுருக்கமாக முடிக்கிறார் என்றுதான் நான் பல காலம் நினைத்திருந்தேன்.

இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருடத்தில் தானியேல் வந்தான். மகன் வயது என்பதால் அவன் என்றே எழுதுகிறேன். சொந்தப் பெயர் தனசேகர். சதுரங்கப்பட்டினத்தில் வீடு. கல்பாக்கம் குடியிருப்பில் வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கும் கான்ட்ராக்ட் வேலை. கல்யாணத்துக்குப் பிறகு தன் வீட்டுத் தெருவில் இருந்த ஒரு சின்ன ஜெபக் கூட்டத்துக்குப் போகத் தொடங்கி, ஞானஸ்நானம் வாங்கி, தானியேல் ஆகியிருந்தான். கூட்டம் என்றால் ஓலைக் கொட்டகை, பத்துப் பதினைந்து குடும்பம், ஒரு பாஸ்டர், ஒரு மைக். மனைவி செல்வியும் அங்கேதான் ஞானஸ்நானம் வாங்கினாள், பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை. ஜெபா என்று ஒரு கைக்குழந்தை.

நெடுநாள் இருமல், மாலையானால் காய்ச்சல். சளியில் கிருமி நிறைய இருந்தது. அந்தப் பக்கத்து நோயாளிகளுக்காக ஆஸ்பத்திரி சதுரங்கப்பட்டினத்தில் ஓர் அறை வாடகைக்கு எடுத்து வைத்திருந்தது. வாரத்தில் மூன்று நாள் நான் செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ்ஸில் போய், வருகிறவர்களுக்கு என் எதிரிலேயே மாத்திரை கொடுப்பேன். தானியேல் ஒழுங்காக வந்தான். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகிறது என்று முதல் வாரம் அலறினான். மாத்திரையின் நிறம்தான் என்று சொன்னதும், "இரும்புக் கதவுக்குப் பிரைமர் அடிச்ச மாரி கீது சிஸ்டர்" என்று சிரித்தான். இரண்டு மாதத்தில் இருமல் நின்றது, முகத்தில் சதை பிடித்தது. இந்தச் சமயத்தில்தான் ஆபத்து. உடம்பு தேறியதுபோல இருக்கும், கிருமி முழுதாகச் செத்திருக்காது. இன்னும் நாலு மாதம் விடாமல் சாப்பிட வேண்டும்.

ஒரு வாரம் அவன் வரவில்லை. வீட்டுக்குப் போனேன். செல்வி குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"அவரு வேலைக்குப் பூட்டாரு சிஸ்டர்."

"மாத்திரைக்கு ஏன் வரல?"

"அவருக்குத்தான் சொகமாய்ச்சே. ஞாயித்துக்கெழம சாட்சி சொல்லிட்டாரு."

சாட்சி என்றால், ஆண்டவர் தனக்குச் செய்த நன்மையைச் சபை நடுவில் எழுந்து நின்று சொல்வது. எங்களைப் போன்ற பழைய சபைக்காரர்களிடம் அந்த வழக்கம் குறைவு. நாங்கள் ஆமென் சொல்வதுகூடப் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காது. இந்தக் கொட்டகைச் சபைகளில் சாட்சிதான் ஞாயிற்றுக்கிழமையின் உயிர். அவன் வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

"எல்லாத்துக்கும் முன்னாடி சொல்லிட்டேன் சிஸ்டர்" என்றான். "கை தட்னாங்கோ, அழுதாங்கோ. இப்ப ஒங்க ரூமுக்கு வந்து மாத்திரை முழுங்குனா இன்னா அர்த்தம்? கர்த்தரு சொகமாக்கலன்னுதானே ஆவுது? அவர நா பொய்யனாக்கிட்ட மாரி ஆயிடும்."

"கிருமி இன்னும் உள்ள இருக்கு தானியேல். பாதியில நிறுத்தினா முரட்டுத்தனமா திரும்பி வரும். அப்புறம் இந்த மாத்திரைக்கு அடங்காது. நீயும் தாங்க மாட்ட, வீட்டுல கைக்கொழந்த வேற இருக்கு."

"இது விசுவாசம் இல்லாதவங்க பேசுற பேச்சு சிஸ்டர்."

என்னைப் பார்த்துச் சொன்னான்! மூன்று தலைமுறையாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிற குடும்பம் எங்களுடையது. இவன் நேற்று முளைத்தவன். பஸ்ஸில் திரும்பும்போது, அந்தப் பாஸ்டரை எந்த வார்த்தையில் ஆரம்பித்துத் திட்டுவது என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

லில்லி டாக்டரிடம் கொட்டித் தீர்த்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "நீங்க சொன்னதுல, அவர் சொன்னது எது சிஸ்டர், நீங்க நெனச்சது எது?"

அவன் சொன்னதை மட்டும் பிரித்துச் சொன்னேன். இரண்டே வரிதான் வந்தது.

"அவர் சாவுக்குப் பயப்படல. ஆண்டவர் பேர் கெட்டுடும்னு பயப்படறார்" என்றார் டாக்டர். "நல்ல பயம்தானே அது? அத ஒடச்சு மாத்திரை குடுத்தா எத்தன நாளைக்கு நிக்கும்?"

"கிருமி காத்திருக்காது டாக்டர்."

"தெரியும். அதனாலதான் நாளைக்கே போறோம்."

மறுநாள் போனோம். மாத்திரை என்ற வார்த்தையையே அவர் எடுக்கவில்லை. பெயின்ட் வேலையில் தூசி எவ்வளவு வரும் என்று கேட்டார், எந்த வயதில் வேலைக்கு வந்தான் என்று கேட்டார், ஞானஸ்நானம் எடுத்த அன்று எப்படி இருந்தது என்று கேட்டார். அவன் சொல்லிக்கொண்டே போனான். குடிப்பானாம், செல்வியை அடிப்பானாம். ஒரு நாள் இந்தக் கொட்டகையில் உட்கார்ந்து அழுதானாம், அன்றைக்கு விட்டதுதானாம் குடி. "கர்த்தரு எனக்கு அவ்ளோ செஞ்சிகீறாரு டாக்டரம்மா. அவர நா எப்டி வுட்டுக் குடுப்பேன்?" என்றான். கிளம்பும்போது டாக்டர், வீட்டில் நோய் இருந்ததால் குழந்தைக்குத் தடுப்பு மாத்திரை தர வேண்டும் என்று மட்டும் சொன்னார். நான் இவன் சண்டைக்கு வருவான் என்று தயாராக நின்றேன்.

"குடுங்க" என்றான். "சாட்சி சொன்னது நாந்தானே, புள்ள சொல்லலியே."

அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒரு முறை டாக்டரும் என்னோடு வந்தார். அவனிடம் பேசுவார், குழந்தையைப் பார்ப்பார், திரும்பிவிடுவார். எடுத்துச் சொல்லவில்லையா என்றால், சொன்னார். நிறுத்தினால் என்ன ஆகும் என்று ஒரு முறை தெளிவாக, பயமுறுத்தாமல் சொன்னார். அதையே ஒவ்வொரு தடவையும் திருப்பிச் சொல்லவில்லை. எனக்குத்தான் ஒவ்வொரு வாரமும் நெருப்பில் நிற்கிற மாதிரி இருந்தது. ஒரு தடவை பஸ்ஸில், "உங்களுக்குப் பயமே இல்லையா டாக்டர்?" என்று கேட்டுவிட்டேன். "ராத்திரி தூக்கம் வரல சிஸ்டர்" என்றார். அவர் அமைதியானவர் என்று அதுவரை நினைத்திருந்தேன். அன்றைக்குத்தான் அவர் முகத்தைச் சரியாகப் பார்த்தேன்.

மழைக்காலம் தொடங்கும்போது செல்வி என் அறைக்கே வந்தாள். இடுப்பில் குழந்தை.

"இருமல் திரும்பிகீது சிஸ்டர். வூட்ல இரும மாட்டேன்றாரு. சபக்காரங்க காதுல வுழக் கூடாதாம். இருமல் வந்தா கோட்டைக்குப் பின்னால போயி இருமிட்டு வராரு. வெளிலதான் படுக்கிறாரு. புள்ளயத் தொடவே மாட்டேன்றாரு. அவளும் அப்பா அப்பான்னு கைய நீட்டி நீட்டிப் பாத்துட்டு வுட்டுட்டா."

டச்சுக்காரர்கள் கட்டிய பழைய கோட்டை அங்கே இடிந்து கிடக்கிறது. கடல் பக்கத்து மதிலோரம் போய்ப் பார்த்தேன். குனிந்து, ஒரு கையைச் சுவரில் ஊன்றி, பெயின்ட் துடைக்கிற துணியை வாயில் வைத்து இருமிக்கொண்டிருந்தான். துணியில் பல நிறம் இருந்தது. சிவப்பும் இருந்தது, அது பெயின்ட் இல்லை. என்னைப் பார்த்ததும் துணியை மடித்துக்கொண்டான். "சபைல சொல்லிடாதீங்க சிஸ்டர்" என்றான். அன்றைக்கு எனக்குத் திட்ட வாய் வரவில்லை. அழுகைதான் வந்தது.

அடுத்த நாள் டாக்டர் வந்தார். வீட்டு வாசலில் காற்றோட்டமாக உட்கார்ந்தோம். செல்வி குழந்தையோடு உள்ளே நிலைப்படியில் இருந்தாள்.

"தானியேல், அன்னைக்குச் சபையில என்ன சொன்னீங்க? அப்படியே ஒரு தடவ சொல்லுங்க, நான் அத நேர்ல கேக்கல" என்றார் டாக்டர்.

அவன் எழுந்து நின்றான். மடித்துக் கட்டியிருந்த லுங்கியை இறக்கிவிட்டான். கையைக் கட்டிக்கொண்டான். குரல்கூட மாறிவிட்டது. "கர்த்தர் என் வியாதியிலிருந்து என்னைச் சுகமாக்கினார். அவருடைய நாமத்துக்கே மகிமை உண்டாவதாக" என்றான். கல்பாக்கத்தில் ஏணி மேல் நின்று பெயின்ட் அடிக்கிறவன் பேச்சு இல்லை அது. தெற்கேயிருந்து வந்த பாஸ்டர் மைக்கில் பேசுகிற தமிழ்.

டாக்டர் கண்ணாடியைத் துடைத்தார். "வீட்டுக்கு வந்து செல்விகிட்ட என்ன சொன்னீங்க?"

அவன் யோசித்தான். உள்ளேயிருந்து செல்விதான் பதில் சொன்னாள். "எங்கிட்ட இப்டியா சொன்ன? 'நீ ஒண்ணியும் யோசிக்காத, கர்த்தரு என்ன சொகமாக்கினுகீறாரு'ன்னு சொன்னே."

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்தில் 'சாப்ட்டுனுகீறான்' என்றால் இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான், இலையை எடுக்கக் கூடாது என்று பொருள். 'சொகமாக்கினுகீறாரு' என்றால் சுகமாக்கிக்கொண்டிருக்கிறார், வேலை இன்னும் நடக்கிறது. 'சுகமாக்கினார்' என்றால் முடிந்துபோன காரியம். இரண்டும் வாயில் ஏறக்குறைய ஒரே மாதிரி வரும்.

டாக்டர் ஒன்றும் விளக்கவில்லை. நானும் விளக்கவில்லை, அதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். தானியேல் நின்றுகொண்டே இருந்தான். ஒரு இருமல் வந்தது. துணியை வாயில் வைத்து இருமி முடித்து, மூச்சு வாங்க உட்கார்ந்தான்.

"நம்ம பேச்சுல சொன்னா மரியாத இல்லேன்னு பாஸ்டர் மாரி சொன்னேன்" என்றான் மெதுவாக. பிறகு, "அவரு வேல செஞ்சினுகீறாரு. நாந்தான் முடிஞ்சிச்சின்னு சொல்லிட்டேன். ஏணிய எடுத்துட்டேன்" என்றான். முகத்தை இரண்டு கையாலும் துடைத்துக்கொண்டான். "கர்த்தரு பேரக் காப்பாத்தறேன்னு நெனச்சினு இருந்தேன் டாக்டரம்மா. நா சொன்ன வார்த்தையத்தான் காப்பாத்தினு இருந்தேன்."

அன்றைக்கே சளி எடுத்தோம். கிருமி திரும்பியிருந்தது. மருத்துவம் முதலிலிருந்து, அதுவும் இந்த முறை ஊசியோடு, இன்னும் நீண்ட காலம். மாத்திரைக்கு நோய் மறுபடி அடங்குமா என்று டாக்டருக்கே உறுதி இல்லை. அவன் எல்லாவற்றுக்கும் சரி என்றான். ஆனால் ஒரு நிபந்தனை போட்டான். முதல் மாத்திரைக்கு முன்னால் சபையில் எழுந்து சொல்லியாக வேண்டும், திருட்டுத்தனமாக விழுங்க மாட்டான். அவனை அந்தக் கொட்டகையைவிட்டே அனுப்பிவிடுவார்கள் என்று எனக்குப் பயம். அங்கிருந்து போனால் மறுபடி குடிக்குத்தான் போவான் என்று செல்விக்குப் பயம்.

ஞாயிற்றுக்கிழமை நானும் டாக்டரும் போய்ப் பாயில் உட்கார்ந்தோம். தானியேல் கொட்டகையின் ஓரத்தில், காற்று வெளியே போகிற பக்கம், வாயைத் துண்டால் மூடிக்கொண்டு நின்றான். சாட்சி வேளை வந்ததும் கையைத் தூக்கினான். பாஸ்டர் சந்தோஷமாக மைக்கை நீட்டினார். வேண்டாம் என்று அங்கிருந்தே பேசினான்.

"போன தபா நா எந்திரிச்சி சொன்னது தப்பாப் பூட்ச்சி. கர்த்தரு என்ன சொகமாக்கினுகீறாரு."

ஜனங்கள் கை தட்டத் தொடங்கினார்கள். பாஸ்டர் மைக்கில் திருத்தினார். "சுகமாக்கினார்னு சொல்லுங்க பிரதர்."

"இல்ல பாஸ்டர். ஆக்கினுகீறாரு. இன்னும் முடிக்கல. எனக்கு நோவு திரும்பிகீது. நாளைலேந்து மாத்திரை சாப்பிடப் போறேன்."

தட்டிய கைகள் அப்படியே நின்றன. பாஸ்டருக்கு முப்பது வயதுகூட இருக்காது. மைக்கை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார். முன்னால் உட்கார்ந்திருந்த மீன் விற்கிற அம்மா ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

"நீ சொகமாய்ட்டேன்னு சொன்னதும் நாங்க ஒனக்கு ஜெபம் பண்றதயே வுட்டுட்டோமேப்பா" என்றார். "அப்ப இன்னும் பண்ணினு இருக்கணுமில்ல?"

அதுவரை எனக்கும் அது தோன்றவில்லை. சுகமானவனுக்காக யார் ஜெபிப்பார்கள்? அவன் மாத்திரையை மட்டும் நிறுத்தவில்லை, தனக்காகக் கேட்டுக்கொண்டிருந்த அத்தனை பேரையும் நிறுத்திவிட்டிருந்தான். பாஸ்டர் மைக்கைக் கீழே வைத்தார். முழங்கால் போட்டார். கொட்டகை முழுவதும் முழங்கால் போட்டது. எங்களுக்கு அந்தப் பழக்கம் இல்லாவிட்டாலும் நானும் போட்டேன்.

கூட்டம் முடிந்ததும் பாஸ்டர் டாக்டரிடம் வந்தார். "நான் இங்க வந்து ரெண்டு வருசம் ஆவுது டாக்டர். அவரு சாட்சி சொன்ன அன்னைக்குத்தான் இது ஒரு சபை மாதிரி இருந்துச்சு. மாத்திரையை நிறுத்துங்கன்னு நான் சொல்லல. ஆனா நிறுத்திட்டார்னு தெரிஞ்சும் கேக்கல" என்றார்.

"உங்களுக்கு ஒரு வேலை குடுக்கலாமா?" என்றார் டாக்டர்.

தானியேலின் மாத்திரையைத் தன் கண்ணெதிரே கொடுக்கிற பொறுப்பு! அதை இந்த மனிதரிடமா என்று பஸ்ஸில் நான் சத்தம் போட்டேன். ஊசி போட நான் போகத்தான் போகிறேன், மாத்திரையை அவரிடம் எதற்கு ஒப்படைக்க வேண்டும்? டாக்டர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "நீங்க வாரத்துல மூணு நாள்தான் அங்க இருக்கீங்க. அவர் தெனமும் இருக்கார்" என்றார். 

பாஸ்டர் அந்த வேலையைச் செய்தது உண்மை. வாரத்தில் மூன்று நாள்தான் மாத்திரை. அவர் மாத்திரை இல்லாத நாளிலும் போய் அவனைப் பார்த்துவிட்டு வந்தார். அவன் சோம்பினால் சைக்கிளில் வேலை நடக்கும் இடத்துக்கே போய், ஏணிக்குக் கீழே தண்ணீர் பாட்டிலோடு நின்றார். ஊசியில் அவனுக்குக் காதுக்குள் ரீங்காரம், மாத்திரையில் வாந்தி. இடையில் ஒரு மாதம், போதும் சாமி, விட்டுவிடுகிறேன் என்று சுருண்டு படுத்துக்கொண்டான். அப்போதும் பாஸ்டர் வாசலில் உட்கார்ந்திருந்தாராம். திட்டவில்லையாம், பிரசங்கம் பண்ணவில்லையாம். "மாத்திரைக்கு முன்னால ஒரு ஜெபம் பண்றாரு சிஸ்டர். அத்த முடிக்கறதுக்குள்ள நானே மாத்திரையக் குடுய்யான்னு கேட்டுர்றேன்" என்றான் தானியேல் என்னிடம்.

குழந்தையை மட்டும் அவன் தூக்கவில்லை. சளியில் கிருமி இல்லை என்று நடுவிலேயே ரிசல்ட் வந்துவிட்டது, தூக்கலாம் என்று டாக்டர் சொன்னார். "முடியட்டும் டாக்டரம்மா. ஒரு தபா அவசரப்பட்டது போதும்" என்றான். ஜெபா தவழ்ந்தாள், நின்றாள், நடந்தாள். எல்லாவற்றையும் அவன் நாலடி தள்ளியிருந்தே பார்த்தான்.

கடைசிச் சளி ரிசல்ட் வந்த அன்று மூவரும் செங்கல்பட்டுக்கு வந்திருந்தார்கள். லில்லி டாக்டர் அவனைப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்துச் சொன்னார். "முடிஞ்சது தானியேல். கிருமி இல்ல. இனி மாத்திரையும் இல்ல. இப்போ நீங்க சபையில 'சுகமாக்கினார்'னே சொல்லலாம்."

அவன் ஜன்னலைப் பார்த்தான். "வேணாம் டாக்டரம்மா. அப்டிச் சொன்னா அவரு வேல முடிஞ்சி கெளம்பிட்டாருன்னு ஆயிடும். நெஞ்சு மட்டுந்தானே முடிஞ்சிகீது."

"ஆமா, கோவம் அப்டியேதான் கீது" என்றாள் செல்வி.

"அத்தயும் ஆக்கினுகீறாரு. நீ கொஞ்சம் பொறு."

செல்வி எழுந்து வந்து குழந்தையை அவன் மடியில் வைத்தாள். ஒரு வருடத்துக்கு மேல் தள்ளியே இருந்த ஆள். ஜெபா அவன் முகத்தை அண்ணாந்து பார்த்தாள், உதடு பிதுங்கியது, ஓவென்று அழுதுகொண்டு அம்மாவிடம் தாவப் பார்த்தாள். செல்வி கையை நீட்டினாள். நானும் எழுந்தேன். தானியேல் வேண்டாம் என்று தலையசைத்தான். இறுக்கிப் பிடிக்கவில்லை, விடவும் இல்லை. அவள் அழுது முடிக்கும்வரை அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.